மஞ்சள் பட்ட நோட்டு

ஜனவரி 6, 2010. புதன். ரங்கூன்

மரக்கடைக்காரர் வழுக்கி விழுந்து நான்கு நாளாகிறது. இடது தொடை எலும்பு, இடுப்பை ஒட்டிய இடம். அறுவை செய்து தகடு வைத்துவிட்டார்கள். பிழைத்துக்கொள்வார். அவர் எப்போதும் பிழைத்துக்கொள்கிறவர்தான்.

அவர் என் அக்கா கோமதியின் கணவர். தென்காசியில் மரக்கடை. பர்மா தேக்கை நேரில் பார்த்து வாங்கினால் லாபம் என்று கிளம்பினார். ஆங்கிலம் பேச ஆள் வேண்டுமென்று என்னைக் கூட்டிவந்தார். கல்லூரியில் இருபத்துநான்கு வருடம் வேதியியல் நடத்தியவன், எனக்குப் பின்னால் சேர்ந்தவனைத் துறைத் தலைவராக்கியதும் விருப்ப ஓய்வு வாங்கியவன், ஐம்பது வயதில் மரக்கட்டைகளுக்கு மொழிபெயர்ப்பாளன். அக்கா கேட்டாள் என்று வந்தேன். என் மனைவி ஆறு வருடமாக நாகர்கோவிலில் அவள் அம்மாவோடு இருக்கிறாள். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லாமல் போனது, அவ்வளவுதான்.

ஆற்றங்கரைக் கிடங்கில் ஈரக் கட்டைமேல் ஏறி நின்று, “இது வைரம் பாஞ்ச மரம் மாப்ளே” என்று காலால் தட்டிக் காட்டினார். அடுத்த நொடி கீழே கிடந்தார்.

மர ஏஜென்ட் ஆஸ்பத்திரியில் ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆற்றின் மேல்பக்கம் மரம் எடுக்கப் போய்விட்டான். எப்போது வருவான் என்று அவன் அலுவலகத்திலேயே தெரியவில்லை. எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டும் ஆஸ்பத்திரிப் பெட்டிக்குள் இருக்கின்றன. பில் கட்டினால்தான் வெளியே வரும், பாஸ்போர்ட்டும் நாங்களும்.

ஜனவரி 7, வியாழன்

பணம் இருக்கிறது. திருநெல்வேலி வங்கியில் வாங்கிய மூவாயிரம் டாலர், எல்லாம் புத்தம் புதிய நூறு டாலர் நோட்டு, என் இடுப்புப் பையில். இந்த ஊரில் ஏ.டி.எம். கிடையாது, அட்டை செல்லாது, வெளியிலிருந்து பணம் அனுப்பவும் வழியில்லை. கையில் கொண்டுவந்ததுதான்.

ஆஸ்பத்திரிக் காசாளர் தேவகி என்ற பெண், இங்கேயே பிறந்த தமிழச்சி. நாற்பது வயது இருக்கும். முதல் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இரண்டாவது. மூன்றாவது. எல்லாவற்றையும் என் பக்கம் தள்ளிவிட்டாள்.

“இது எடுக்க மாட்டோம் சார்.”

“ஏன்?”

“கறை.”

அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். நோட்டில் இருக்கிற அந்த நீள முடிப் பெரியவரின் நெற்றியில், கச்சிதமாக, மஞ்சள் பொட்டு. ஒவ்வொரு நோட்டிலும். புறப்படும்முன் அக்கா பணத்தைச் சாமி அறைக்குக் கொண்டுபோனது ஞாபகம் வந்தது. “புதுப் பணம், மஞ்ச வைக்காமலா கொண்டு போவிய?” என்றாள். மூலையில் ஒரு தீற்று தீற்றியிருப்பாள் என்று நினைத்தேன்.

“இது சாமி மஞ்சள். நீங்க தமிழ்தானே?”

“தமிழ்தான். எங்க வீட்லயும் மஞ்ச வைப்போம். நோட்டுல வைக்க மாட்டோம்.” பிறகு கொஞ்சம் இரங்கினாள். “இங்க நோட்டுல மடிப்பு விழுந்தாலே வெலையக் கொறச்சிருவாங்க சார். நீங்க என்னடான்னா பொட்டு வச்சு பூ வச்சுக் கூட்டிட்டு வந்துருக்கீங்க.”

பக்கத்தில் இருந்த இன்னொருத்தி எதையோ பர்மிய மொழியில் கேட்டாள். தேவகி சொன்னாள். இருவரும் சிரித்தார்கள்.

“வெளிய மாத்தி சாட்டாக் கொண்டாங்க. அதுவும் வாங்கிக்குவோம்” என்றாள். சாட் என்பது இந்த ஊர்க் காசு. வெயிலில் நான்கு கடை ஏறி இறங்கினேன். சுத்தமான டாலருக்கு ஆயிரம் சாட். பொட்டு வைத்த டாலருக்கு அறுநூற்றைம்பது. நாலாவது கடைக்காரன் அறுநூறு என்றான். அநியாய விலைக்குக் கொடுக்க மனம் வராமல் திரும்பினேன். நான் ஏமாளி இல்லை.

அக்கா பக்தி செய்தால் அதற்கு வட்டி நான்தான் கட்டவேண்டியிருக்கிறது. புதிதா என்ன?

ஜனவரி 8, வெள்ளி

அவர் லுங்கியைத் துவைத்தேன். கஞ்சி ஊட்டினேன். இடுப்புக்குக் கீழே பாத்திரம் வைத்து எடுப்பதும் நான்தான். தாதி பகலில் ஒருமுறைதான் எட்டிப் பார்க்கிறாள்.

“நோட்டு மாத்தியாச்சா மாப்ளே?”

“மாத்திக்கிட்டிருக்கேன்.”

“என்ன ரேட்டு தாரான்?”

“படுங்க.”

ரேட்டைக் கேட்க இவருக்குத் தகுதி உண்டா என்று எழுதி வைக்கிறேன். 1983. எனக்கு ஸ்காட்லாந்தில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. உதவித்தொகை அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் கைக்கு வரும். பயணத்துக்கும் முதல் சில மாதத்துக்கும் பவுண்டு கையில் வேண்டும். அப்போதெல்லாம் வங்கி வெளிநாட்டுப் பணத்தைக் கிள்ளித்தான் கொடுக்கும். மிச்சத்தை மெட்ராஸில் வெளியே மாற்றலாம், நான் பார்த்துக்கொள்கிறேன், என் பணம், நீ தரவே வேண்டாம் என்று சொன்னவர் இவர். கையில் பையோடு ரயிலேறினார். மூன்றாம் நாள் வெறுங்கையோடு வந்தார்.

“இந்த வருஷம் தோதுப்படாது மாப்ளே. மரத்துல பணம் முடங்கிட்டு. அடுத்த வருஷம் பாப்போம்.”

பல்கலைக்கழகம் அடுத்த வருடம் வரை காத்திருக்குமா? அன்று அக்கா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்காக அழுத ஒரே ஆள் அவள்தான். இவர் கஞ்சத்தனம் வீட்டுக்குள்ளும் உண்டு. அந்தத் தீபாவளிக்கு அக்கா கையில் கண்ணாடி வளையல்தான் கிடந்தது. தங்க வளையல் எங்கே என்று அம்மா கேட்டதற்கு, கனமாக இருக்கிறது, பெட்டியில் வைத்திருக்கிறேன் என்றாள். புருஷனை விட்டுக்கொடுக்க மாட்டாள்.

இருபத்தேழு வருடம். நான் யாரிடமும் மறைக்கவில்லை. கல்யாணவீடு, சாவுவீடு எங்கும் சொல்லியிருக்கிறேன், அவர் காதுபடவே. ஒருநாளும் மறுத்ததில்லை. மறுக்க என்ன இருக்கிறது?

ஜனவரி 9, சனி

சோப்புப் போட்டுக் கழுவினேன்.

வேதியியல் படித்தவன் எவனும் இதைச் செய்ய மாட்டான். மஞ்சள் காரத்தில் பட்டால் சிவக்கும் என்று இளங்கலை முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் தாளில் தடவிக் காட்டியவன் நான். விடுதிக் குளியலறையில் ஐந்து நோட்டை வரிசையாக நனைத்துத் துணி சோப்பைத் தேய்த்த பிறகுதான் அது மூளைக்கு எட்டியது. பெரியவர் ஐந்து பேருக்கும் நெற்றியில் ரத்தச் சிவப்பு.

குளியலறைத் தரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 10, ஞாயிறு

எலுமிச்சம்பழம் பிழிந்தேன். சிவப்பு மறுபடி மஞ்சளானது. நோட்டு ஐந்தும் பொரித்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டன.

ஜனவரி 11, திங்கள்

தெருவில் ஓர் ஆள். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட லுங்கி, நல்ல ஆங்கிலம். என் நோட்டு கறை பட்டது என்று நான் சொல்வதற்கு முன்பே, கறை பரவாயில்லை என்றான். ஆயிரத்தைம்பது தருகிறேன் என்றான். கடைக்காரர்கள் கொள்ளைக்காரர்கள், நீங்கள் படித்தவர், உங்களுக்குத் தெரியும் என்றான்.

அப்பளமான ஐந்தையும் எப்படியாவது தள்ளிவிட வேண்டும். தேவகியிடம் அவற்றைக் காட்ட முடியாது. மரக்கடைக்காரரிடம் காட்டவே முடியாது. ஐந்தை மட்டும் கொடுத்தால் சந்தேகப்படுவானென்று கூடக் கழுவாத மூன்றையும் சேர்த்தேன். டீக்கடைப் பின்பக்கம் எட்டுக் கட்டு எடுத்து வைத்தான், எல்லாம் ஆயிரம் சாட் நோட்டு. ஒரு கட்டைப் பிரித்து எண்ணினேன், நூற்றைந்து. சரியாக இருந்தது. அவனே அதைத் திரும்ப வாங்கி ரப்பர் போட்டுக் கட்டிப் பையில் வைத்தான். அடுத்த கட்டைப் பிரிக்கப் போனபோது “போலீஸ்” என்று மெதுவாகச் சொன்னான். நான் பையைக் கையில் சுருட்டிக்கொண்டு வேகமாக நடந்தேன்.

நல்ல ரேட்.

ஜனவரி 12, செவ்வாய்

ஒவ்வொரு கட்டிலும் மேலே இரண்டு, கீழே இரண்டு ஆயிரம். நடுவில் எல்லாம் இருநூறு சாட் நோட்டு. நான் எண்ணிப் பார்த்த கட்டிலும்.

டீக்கடைக்குப் போனேன். அப்படி யாரையும் தெரியாது என்றார்கள். போலீசிடம் போனால், வெளியே மாற்றினதற்கு முதல் குற்றவாளி நான்.

மாலையில் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். வெளிநாட்டுக்குப் பேசுவதென்றால் கத்த வேண்டும் என்பது அவள் எண்ணம்.

“ஏல ஆவுடை, பணம் போதுமா?”

“போதும்க்கா. இங்க மாத்துறதுக்குக் கமிஷன் ஜாஸ்தியா எடுக்கான். அதான் கொஞ்சம் இடிக்கி.”

“அவ்வளவு கமிஷனா?”

“ஆமாக்கா. இந்த ஊர் வழக்கம் அது.”

மரக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். தூங்கினார் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 13, புதன்

இருபத்திரண்டு நோட்டு மிச்சம். அவற்றைச் சுத்தமாக்கினால் ஒழிய இங்கிருந்து நகர முடியாது. நாளுக்கு நாள் அறை வாடகை ஏறுகிறது. எங்கள் விசாவுக்கும் இன்னும் பத்து நாள்தான்.

மஞ்சள் சாயம் வெளிச்சத்தில் நிற்காது. வேட்டியில் சாம்பார் பட்டால் கொடியில் நாலு நாள் கிடந்தால் போய்விடுகிறதே, அதே கணக்கு. இதை முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். கோபத்தில் இருக்கிறவனுக்குச் சோப்புதான் தோன்றும்.

என் விடுதி அறையில் ஜன்னலே கிடையாது. அவர் அறைக்குத் தெற்கு ஜன்னல், அகலமான திட்டு. சுவரில் மாட்டியிருந்த படத்தின் கண்ணாடியைக் கழற்றினேன். நோட்டுகளைத் திட்டில் பரப்பிக் கண்ணாடியை மேலே வைத்தேன். அவருக்குத் தெரியாமல் செய்ய வழியில்லை. எல்லாம் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

“என்ன மாப்ளே, வத்தல் போடுதியா?”

“அக்கா வச்ச மஞ்சள் போகணும்.”

“எல்லா நோட்டுலயும் வச்சிட்டாளா?” என்று கேட்டவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்தால் இடுப்பு வலித்தது. வலித்ததும் இன்னும் சிரித்தார். “பொட்டு வைக்காம ஒரு ஆளையும் வீட்ட விட்டு அனுப்ப மாட்டாளே. அந்த வெள்ளக்காரன் மட்டும் என்ன பாவம் பண்ணான்?”

நான் சிரிக்கவில்லை. தாதி வந்து பார்த்துவிட்டு, ஏதோ பூசை என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ஜனவரி 14, வியாழன். பொங்கல்

பொங்கல் இல்லை. ரொட்டியும் வாழைப்பழமும்.

வெயில் நகர நகரக் கண்ணாடியை நகர்த்துவது என் வேலை. ஜன்னலில் காக்காய் உட்கார்ந்தால் சூ என்பது அவர் வேலை. இரண்டு பேரும் நாள் முழுவதும் அறையை விட்டு அசையவில்லை. மத்தியானம் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்.

“முப்பது நோட்டு கொண்டாந்தோம். இருபத்திரண்டுதானே காயுது?”

“எட்டை மாத்திட்டேன்.”

“எங்க?”

“வெளியே.”

கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“மேல ரெண்டு, கீழ ரெண்டு நல்ல நோட்டு. நடுவுல குப்ப. ஒரு கட்ட உன்னையே எண்ணச் சொல்லிருப்பான். பொறவு போலீசு வருதுன்னு வெரட்டிருப்பான். நம்மளும் கட்ட வாங்கினாப் போதும்னு ஓடிருப்போம்.”

நான் கண்ணாடியை நகர்த்தினேன்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“யாவாரத்துல இருக்கவன் கேள்விப்படாததா? மெட்ராசுலயும் உண்டும். அந்தா, காக்கா வந்துட்டு பாரு.”

வியாபாரிகளுக்கு இப்படிப் பல கதை தெரிந்திருக்கும். அதில் வியப்பில்லை.

ஜனவரி 15, வெள்ளி

சூரிய கிரகணம். தென்காசியில் நன்றாகத் தெரிகிறதாம், இங்கேயும் பெரும்பகுதி மறைந்தது. மத்தியான வெயில் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் வந்தது. நீள வயர் போட்ட போனைக் கட்டிலுக்கே கொண்டுவந்து வைத்தார்கள். அவரே எடுத்தார். அக்கா பேசியது அறை முழுக்கக் கேட்டது.

“கிரகணம் விடுத வரைக்கும் ஒண்ணும் திங்கக்கூடாது, கேட்டியளா?”

“ஆஸ்பத்திரிக் கஞ்சியக் குடிக்காம இருக்கதுக்குக் கிரகணம் வேணுமாக்கும்?”

அக்கா சிரிக்கவில்லை. “அது என்ன கமிஷன், ஆவுடை சொன்னானே? பக்கத்து வீட்டு பேங்க்காரர்ட்ட கேட்டேன். அவ்வளவு கமிஷன் ஒலகத்துலயே கெடையாதுங்காரு. அவன் என்னத்தையோ மறைக்கான்.”

நான் ஜன்னலோரம் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

“அவன ஒண்ணும் சொல்லாத கோமதி. நாந்தான். வெளிய ஒருத்தன் கூடக் கொடுக்கேன்னான். ஆசப்பட்டு, போயி மாத்திட்டு வான்னு அவன நாந்தான் அனுப்புனேன். அவன் வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னான். எட்டு நோட்டும் போச்சு. நடுவுல பூரா குப்ப.”

அக்கா போனை வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

பிறகு அக்கா, “மறுபடியுமா?” என்றாள்.

அவர் போனை அவசரமாக மறு காதுக்கு மாற்றினார். அந்தக் காதுதான் எனக்கு இன்னும் பக்கம்.

“ஆவுடை பக்கத்துல இருக்கானா?” இப்போது அக்காவின் குரல் தணிந்திருந்தது. அப்படியும் கேட்டது.

“இல்ல. வெளிய போயிருக்கான்” என்றார், என்னைப் பார்த்துக்கொண்டே.

ஜன்னலுக்கு வெளியே மரத்தடியில் வெளிச்சம் வட்டமாக விழாமல் பிறை பிறையாக விழுந்திருந்தது. இலைகளுக்கு இடையில் இருக்கும் சிறு இடைவெளி ஒவ்வொன்றும் சூரியனின் உருவத்தைத் தரையில் காட்டும். சூரியன் முழுதாக இருக்கும்போது வட்டமாக விழுவதால் யாரும் கவனிப்பதில்லை. நான் கண்ணாடியைத் தூக்கி நோட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டேன். வெயில் இல்லாத நேரத்தில் எதற்குத் திருப்பினேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 16, சனி

அத்தானுக்கு முகச்சவரம் செய்துவிட்டேன். வேறொன்றும் எழுத இல்லை.

ஜனவரி 17, ஞாயிறு

நல்ல வெயில்.

அத்தான் மரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஈரமாக அறுத்தால் பிற்பாடு வளையும், காயவிட்டுத்தான் அறுக்கணும், காயும்வரை பணம் முடங்கித்தான் கிடக்கும் என்றார். அக்காவின் பழைய வளையல் எந்த மாதிரி இருந்தது என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

ஜனவரி 19, செவ்வாய்

ஏஜென்ட் வந்துவிட்டான். வாங்குவதாகச் சொன்ன மரம் வேண்டாம், கட்டின முன்பணத்தில் பாதியை நீ எடுத்துக்கொள், மீதியைச் சாட்டாகக் கொடு என்று அத்தான் அவனிடம் சொல்லச் சொன்னார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஏஜென்டுக்கே ஆச்சரியம்.

“இன்னும் கொஞ்சம் பேசிப் பார்க்கட்டுமா?” என்று கேட்டேன்.

“என்னத்தப் பேச? வீடு போய்ச் சேருவம் மாப்ளே.”

நோட்டுகளை எடுத்துக்கொண்டு முதன்முதலில் ஏறின அதே கடைக்குப் போனேன். கடைக்காரன் ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தான். இருபத்தொன்றுக்கு ஆயிரம் வீதம் கொடுத்தான். முழு விலை. நின்று, எல்லாக் கட்டையும் பிரித்து, ஒவ்வொரு நோட்டாக எண்ணினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். எண்ணினேன். ஒரு நோட்டை மட்டும் வேண்டாம் என்றான். நெற்றியில் லேசாக இன்னும் தெரிந்தது. கண்ணாடியின் ஓரத்தில், நிழலில் கிடந்ததாக இருக்கும்.

தேவகி பில்லை வாங்கிக்கொண்டு பாஸ்போர்ட்டுகளைக் கொடுத்தாள்.

“வெயில்ல காயப்போட்டீங்களாமே சார். தாதி சொன்னா. ஊருக்குப் போயி அக்காகிட்ட சொல்லுங்க, அடுத்த தடவ உங்களுக்கு மட்டும் வச்சு அனுப்பச் சொல்லி.”

ஜனவரி 22, வெள்ளி. கல்கத்தா விமான நிலையம்

சென்னை விமானத்துக்கு நேரமிருக்கிறது. அத்தானைச் சக்கர நாற்காலியில் ஒரு தூணோரம் நிறுத்தினேன். வலி மாத்திரை தீர்ந்துவிட்டது. கையில் இந்திய ரூபாய் இல்லை. என் வங்கி அட்டையை, அது செல்லாத ஊருக்கு எதற்கென்று, தென்காசியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். மிச்சமிருந்த அந்த ஒற்றை நோட்டோடு பணம் மாற்றும் கூண்டுக்குப் போனேன்.

கூண்டுக்குள் இருந்த வங்காளிப் பையன் நோட்டைப் பார்த்தான். நெற்றியிலிருந்த மஞ்சளைப் பார்த்தான். காலையில் அவனுக்கு முதல் வியாபாரம் போலிருக்கிறது. நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டிக்குள் வைத்தான். டாலருக்கு நாற்பத்தொரு ரூபாய் வீதம் எண்ணிக் கொடுத்தான். வெளியே நாற்பத்தாறு போகிறது. நான் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டேன். மாத்திரைக் கடை எதிரிலேயே இருந்தது.

டீயும் மாத்திரையும் கொண்டுவந்து கொடுத்தேன்.

“என்ன ரேட்டு கொடுத்தான் மாப்ளே?”

“நாப்பத்தாறு, அத்தான்.”

டீயை ஊதி ஒரு வாய் குடித்தார்.

“பரவால்லயே” என்றார். “நல்ல ரேட்டுதான்.”

அந்தக் கூண்டின் டாலர் விலை எழுதின பலகை, பெரிய சிவப்பு எழுத்தில், அவர் நாற்காலிக்கு நேர் எதிரே இருந்தது.